கால் வலிக்கு நான் சொன்ன தத்துவம்

போன புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு, நாகமலை புதுக்கோட்டை ஸ்டாப்பிங்கில் பெரியார் பஸ் ஸ்டாண்டு போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். ஏறினேன் என்று சொல்வதைவிட, பின்னால் நின்றவர்கள் என்னை உள்ளே தள்ளிவிட்டார்கள் என்று சொல்வதுதான் சரி.

அறுபத்தோரு வயது. பி.பி. மாத்திரை போட்ட உடம்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னையே உற்றுப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். மெரூன் கலர் யூனிபார்ம் சேலை, மடியில் டிபன் பை. சட்டென்று எழுந்துவிட்டார்.

"உக்காருங்க சார்."

வேண்டாம்மா என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்ல வேண்டிய நேரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் என் பக்கத்தில் நின்றபடி குனிந்து கேட்டார். "பேப்பர்ல வாராவாரம் எழுதுறவருதான சார் நீங்க? உங்க போட்டோ எங்க கடையில தொங்குது."

எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? இருபது வருஷமாக எழுதுகிறேன். என் போட்டோ என் வீட்டுச் சுவரில்கூடத் தொங்கவில்லை. (தொங்கும் நாள் வரும், அதற்கு அவசரமில்லை.) முகத்தில் ஒரு அடக்கமான சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, எந்தக் கடைம்மா என்றேன்.

சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அந்தக் கடைக்கு நான் போயிருக்கிறேன். அந்தப் பெண்ணையும் பார்த்திருக்கிறேன். ஒரு மாடிப்படியில், இரண்டே நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை போல.

அவர் பெயரை முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்வோம். செக்கானூரணிப் பக்கம் ஒரு கிராமம். டவுனில் நான்கு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் சேலை செக்‌ஷன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதுவும் எனக்குப் பெருமையான விஷயம் இல்லை.

நடந்தது புரிய வேண்டுமென்றால் என் கிறுக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – ஆறேழு மாதமாக எனக்கு ஸ்டோயிக் தத்துவப் பைத்தியம். கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு ஆட்டோக்காரரோடு கத்திக் கத்திச் சண்டை போட்டு, தலை கிறுகிறுத்து, வண்டியோடு சாய்ந்த கதையை எழுதியிருந்தேன். அதே ஆட்டோக்காரர்தான் என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இனி கோபப்பட்டால் என்னிடம் வராதீர்கள், நேராக மேலே போய்விடுவீர்கள் என்றார். அந்த பயத்தில் யூடியூப்பில் தேட ஆரம்பித்ததில் மாட்டியதுதான் இந்தத் தத்துவம்.

விஷயம் ரொம்ப எளிது. ஏதோ ஒரு காலத்தில் கிரேக்கத்திலும் ரோமிலும் சில பேர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். உலகத்தில் இரண்டே வகைதான். நம் கையில் இருப்பது, இல்லாதது. மழை, டிராபிக், அடுத்தவன் வாய் – இதெல்லாம் நம் கையில் இல்லை. நாம் என்ன நினைக்கிறோம், என்ன செய்கிறோம் – அது மட்டும் நம் கையில். கீரை ஆய்கிற மாதிரி ஆய வேண்டும். இலை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம். தண்டுக்காகக் கவலைப்பட்டு ரத்தத்தைக் கொதிக்க வைக்காதே. அவ்வளவுதான்.

பொய் சொல்ல மாட்டேன், வேலை செய்தது. எதிர் வீட்டில் மொய் வாங்க நடத்திய வசந்த விழாவுக்குக் காலை ஐந்து மணிக்கே ரேடியோ செட் கட்டி அலற விட்டார்கள். தண்டு! தூக்கிப் போட்டுவிட்டு வாக்கிங் போனேன். என் மச்சினர் கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பேர் முன்னால் என் எழுத்தைக் கிண்டல் செய்தார். தண்டு! இன்னொரு அப்பளம் வாங்கிச் சாப்பிட்டேன். பி.பி. குறைந்தது. டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

சும்மா இருப்பேனா? மூன்று வாரம் தொடர்ந்து இதைப் பற்றி எழுதினேன். கடிதங்கள் குவிந்தன. மருமகளோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டதாக ஒரு ரிட்டயர்டு வாசகர் எழுதியிருந்தார். அவர் மருமகள் என்ன எழுதுவார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் அந்த ஜவுளிக்கடை முதலாளி போன் செய்தார்.

ரொம்ப மரியாதையான மனுஷன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், வாய் நிறைய அண்ணே என்பார். சேல்ஸ் பிள்ளைகள் கஸ்டமரிடம் எரிந்து விழுகிறார்களாம். கூகுளில் ஒரு ஸ்டார் போட்டுத் திட்டுகிறார்களாம். ஆடித் தள்ளுபடி வேறு வருகிறது. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் போக நீங்கள் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மன அழுத்தத்துக்குக் காரணம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. அன்றைக்கு என்ன சட்டை போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடை திறக்கும் முன், காலை எட்டரை மணிக்குக் கூட்டம். இரண்டாவது மாடி, சேலை செக்‌ஷன். நாற்பது பெண்கள், எல்லாரும் நீலக் கலர் பிளாஸ்டிக் ஸ்டூலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் மெத்தை வைத்த நாற்காலி. ஸ்டூல்கள் புத்தம் புதுசு. சிலவற்றின் காலில் சுற்றியிருந்த பாலித்தீன்கூடப் பிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். இதை எழுதி வைக்க வேண்டும் – கவனித்தேன்.

ஜோராகப் பேசினேன். கீரை உதாரணத்துக்கு நல்ல சிரிப்பு. மச்சினர் கதைக்கு அதைவிடச் சிரிப்பு. கடைசியில், யாராவது ஏதாவது கேட்கலாம் என்றேன். மேனேஜர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு பொதுவாக யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு பெண் எழுந்தார். முத்துலட்சுமிதான்.

"கால் வலி எந்தப் பக்கம் சார்? நம்ம கையில இருக்குறதா, இல்லாததா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. எனக்கோ மேடை கண்ட உற்சாகம். இப்படி ஒரு கேள்விக்குத்தானே காத்திருந்தேன்? ஒரு நொடிகூட யோசிக்காமல் அள்ளி விட்டேன்:

"கால் வலிக்கிறது உங்க கையில இல்லம்மா. வலிக்குதே வலிக்குதேன்னு மனசும் சேர்ந்து நொண்டுறது மட்டும் உங்க கையிலதான் இருக்கு."

கைதட்டல். மேனேஜர்தான் முதலில் தட்டினார்.

பேசி முடித்து இறங்கும்போது லிஃப்டுக்காக நிற்கவில்லை. நடந்தால் பி.பி.க்கு நல்லது அல்லவா? மாடிப்படியில் முத்துலட்சுமி பின்னாலேயே வந்தார். அங்கே வேலை செய்கிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாதாம், அதனால் அவருக்கு அந்தப் படிக்கட்டு அத்துப்படி. சேலையைக் கணுக்காலுக்கு மேல் லேசாகத் தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருட்டிக்கொண்டு நின்றது. அதன் மேல் அழுக்கான கிரேப் பேண்டேஜ்.

அவர் அவசர அவசரமாகச் சொன்னதன் சாரம் இது. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும் வரை நிற்க வேண்டும். கஸ்டமர் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. ரேக்கில் சாயக் கூடாது. சாய்ந்தால் கேமராவில் பார்த்து மைக்கில் கவுண்டர் நம்பரைச் சொல்லுவார்கள். உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதற்காக வாங்கியதுதான் நாற்பது ஸ்டூலும். யாராவது பார்க்க வந்தால் மட்டும் மொட்டை மாடி குடோனிலிருந்து கீழே இறங்கும்.

"நீங்க கெளம்புனதும் அம்புட்டும் மேல போயிரும் சார். முதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நாங்க சொன்னா வேலை போகும். நீங்க சொன்னா கேப்பாரு."

பார்க்கலாம்மா, என்றேன்.

தமிழில் இதைவிட வசதியான வார்த்தை வேறு உண்டா? ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. வாழ்நாளில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன்...

முதலாளி அறையில் ஏசி. டபராவில் காபி. அருமையான காபி, டிகாக்‌ஷன் சரியான பதம். பிரமாதமாகப் பேசினீங்கண்ணே என்றார். வீட்டுக்காரம்மாவுக்கு என்று ஒரு பட்டுச் சேலையைப் பையில் போட்டு மேஜையில் வைத்தார். வேண்டாம் என்றேன். பஸ்ஸில் சொன்ன மாதிரிதான், ஒரு தடவை.

அந்த ஒரு வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. ஸ்டூல்களைக் கீழேயே வைத்திருக்கலாமே தம்பி – ஐந்தாறு சொல்தான். வாயைத் திறந்தேன். அப்போது உள்ளே இருந்த ஞானி குரல் கொடுத்தார். முதலாளியின் முடிவு உன் கையில் இல்லை. அவர் கடை, அவர் ஸ்டூல். தண்டு!

காபியோடு சேர்த்து முழுங்கிவிட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? எனக்கு உறுத்தவே இல்லை. நிம்மதியாக இருந்தது. எவ்வளவு பக்குவப்பட்டுவிட்டோம் என்று ஆட்டோவில் வரும்போது என்னையே மெச்சிக்கொண்டேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த வாரமே எழுதினேன். நீங்கள் படித்திருப்பீர்கள். இந்த ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் நாற்பது பெண்கள் உட்கார நாற்பது ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், என் கண்ணால் பார்த்தேன், இப்படி ஒரு முதலாளி இருந்தால் ஸ்டோயிக் தத்துவம் எதற்கு என்றெல்லாம் உருகியிருந்தேன். பாலித்தீன் பிரிக்காததை எழுதவில்லை. மாடிப்படியை எழுதவில்லை. கால் வலிக் கேள்வியை எழுதினேன், என் பதிலுக்காக.

இனி பஸ்ஸுக்கு வருவோம்.

காளவாசல் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. நான் உட்கார்ந்திருக்கிறேன், முத்துலட்சுமி கம்பியைப் பிடித்து நிற்கிறார். மிச்சக் கதையை அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார். பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

நான் வந்துபோன பிறகு, ஏழு பெண்கள் துணிந்து கையெழுத்துப் போட்டுத் தொழிலாளர் ஆபீசுக்கு மனு அனுப்பியிருக்கிறார்கள். முதல் கையெழுத்து முத்துலட்சுமி. ஒரு நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஆபீசர் வந்து நின்றார். ஸ்டூல்களைக் கீழே இறக்க நேரம் இல்லை. இரண்டாவது மாடியில் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. மாட்டினார்கள் என்று ஏழு பேரும் நினைத்திருக்கிறார்கள்.

மேனேஜர் பதறவே இல்லையாம். ஸ்டூல்களைக் கழுவ மேலே அனுப்பியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, லேமினேட் செய்து வைத்திருந்த என் பத்தியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"முழுசா நின்னு படிச்சாரு சார். படிச்சுட்டு, இவரு எழுதுனா சரியாத்தான் இருக்கும்னாரு. முழுசா நம்பிட்டாருன்னும் சொல்ல முடியாது... சின்னப் பிள்ள ஒருத்திகிட்ட ஸ்டூல் இருக்காம்மான்னு கேட்டாரு. அது இருக்கு சார்னு சொல்லிருச்சு. இருக்கத்தான செய்யுது, மேல."

ஆபீசர் எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஏழு பேரையும் ஏழு இடத்துக்குப் பிரித்துப் போட்டார்கள். முத்துலட்சுமிக்குக் கீழே வாசல். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் கைகூப்பி வரவேற்க வேண்டும். சேலை செக்‌ஷனிலாவது மடிக்கிற சாக்கில் கவுண்டருக்குப் பின்னால் இரண்டு நிமிஷம் குந்தலாம். வாசலில் ரோடே பார்க்கும். அங்கே குந்துவது எப்படி?

என் போட்டோ தொங்குவது சாப்பாட்டு ரூமில். பத்திக்குப் பக்கத்தில் தனி போர்டு போட்டுப் பெரிய எழுத்தில் என் வாசகம். கால் வலிப்பது உங்கள் கையில் இல்லை, மனதும் சேர்ந்து நொண்டுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. கீழே என் பெயர்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக ஒரு மடத்தனமான கேள்வியைக் கேட்டேன். எழுதுவதற்கு முன்னாலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமேம்மா, என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சொன்னேனே சார். படிக்கட்டுல வச்சு."

எழுந்து அவரை உட்காரச் சொன்னேன். பரவாயில்ல சார், இறங்குற இடம் வரப்போகுது என்றார். தினமும் பஸ்ஸில் வருகிற முக்கால் மணி நேரம்தான் அவர் உட்காருவது. அதையும் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். அன்றைய முக்கால் மணி நேரத்தில் பாதியை நான் உட்கார்ந்து தீர்த்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். முப்பது வருஷம் ஸ்கூலில் நின்று பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவள். அந்தப் பட்டுச் சேலையை ஒரு விசேஷத்துக்குக் கட்டியும் விட்டாள். இடையில் ஒரே ஒரு கேள்வி – முதலாளியிடம் நீங்கள் கேட்டீர்களா இல்லையா? நான் தத்துவத்தை விளக்க ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"நீங்க ஒண்ணும் பக்குவப்படல. சங்கடமான இடத்துல இருந்து நைசா நழுவக் கத்துக்கிட்டீங்க, அம்புட்டுத்தான்."

பீரோவைத் திறந்து சேலையை எடுத்து, கடைப் பையிலேயே போட்டு என் முன்னால் வைத்தாள். கட்டிய சேலையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அதை நீங்களும் அந்தக் கிரேக்கக்காரர்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு திறந்தது. முத்துலட்சுமி கைகூப்பி, வாங்க சார் என்றார். எனக்குச் சொன்ன வணக்கம் இல்லை அது. எனக்கு முன்னால் போனவருக்கும் அதே குரல், எனக்குப் பின்னால் வந்தவருக்கும் அதே குரல். பதிலுக்கு நான் கும்பிட்டேன். என்ன செய்வது என்று தெரியவில்லை.

முதலாளி அறையில் அதே ஏசி. அதே காபி வந்தது. குடிக்கவில்லை. சேலைப் பையை மேஜையில் வைத்தேன். எதுக்குண்ணே, அக்கா கட்டட்டும் என்று என் பக்கமே தள்ளினார். ஸ்டூல்களைப் பற்றிக் கேட்டேன். ஐந்தாறு சொல்தான் என்று நினைத்திருந்தேன், நாற்பது ஐம்பது சொல் ஆகிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் சேலையை எடுத்துப் போடச் சொல்லக் கஸ்டமர் சங்கடப்படுகிறார்கள், எந்திரித்துப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள் என்றார். ஊரில் எந்தக் கடையில் உட்கார வைக்கிறார்கள், சொல்லுங்கள் என்றார். ஆடி முடியட்டும், பார்க்கலாம்ணே என்றார்.

பார்க்கலாம்! எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை.

அப்படியென்றால் நடந்ததை நடந்தபடி எழுதுவேன் தம்பி, என்றேன். கொஞ்சம் மிரட்டுகிற தொனியில்தான் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"தாராளமா எழுதுங்கண்ணே. நீங்க எழுதுறது என் கையில இல்ல. அதுக்காக நான் பி.பி. ஏத்திக்கிற மாட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான?"

ஆறு மாதம் இந்தத் தத்துவத்தைப் பரப்பியிருக்கிறேன். முழுசாகத் தேறிய ஒரே மாணவர் அவர்தான்.

கடைசியாக ஒன்று கேட்டேன். சாப்பாட்டு ரூமில் இருக்கும் போர்டை எடுத்துவிடுங்கள், என் பெயர் அது. அதுக்கென்னண்ணே, நீங்களே கழட்டிக்கங்க என்றார். அந்தப் பெருந்தன்மையை நம்பி மாடி ஏறினேன். சின்ன ரூம், ஒரு ஃபேன். சுவரை ஒட்டி நின்றபடி ஏழெட்டுப் பிள்ளைகள் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் என் போட்டோவும் போர்டும் உயரத்தில் இருந்தன. கையை நீட்டினேன், எட்டவில்லை. எம்பினேன், எட்டவில்லை. ஏறி நிற்க ஏதாவது இருக்கிறதா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன்.

அந்த மாடியில் ஒரு ஸ்டூல்கூட இல்லை.

ஒரு பிள்ளை சிரித்தது. இன்னொன்று அதன் கையைக் கிள்ளியது. நான் கீழே இறங்கிவிட்டேன். போர்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கடைப் பெயரை ஏன் எழுதவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய ஆடி விளம்பரம் இதே பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வருகிறது. பெயரைப் போட்டால் இந்தப் பத்தியே வராது. இது என் கையில் இல்லை. இதற்கு முன்னால் அப்படிச் சொன்னபோதெல்லாம் பொய் சொன்னேன், இந்த ஒரு தடவை உண்மை. இந்த நாலு வரியை ஆசிரியர் விட்டுவைத்திருந்தால், அது அவர் கையில் இருந்தது என்று அர்த்தம்.

அந்தக் கிரேக்கக்காரர்களைத் திட்டி நீங்கள் கடிதம் எழுத வேண்டாம். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. உன் கையில் இருப்பதைச் செய் என்றுதான் முதலில் சொன்னார்கள். நான் இரண்டாவது பாதியை மட்டும் கேட்டுக்கொண்டேன். கீரை ஆய உட்கார்ந்தவன், ஆய்வதற்குச் சோம்பல்பட்டு இலையையும் சேர்த்துக் குப்பையில் போட்ட கதை. நாம் எல்லோரும் நிம்மதி வேண்டும் என்று அலைகிறோமே... யாருடைய கால் வலியின் மேல் உட்கார்ந்து அந்த நிம்மதியை அனுபவிக்கிறோம் என்று குனிந்து பார்க்கிறோமா?

எழுதுவதற்கு முன் மறுபடி அதே எட்டரை மணி பஸ்ஸில் ஏறினேன். முத்துலட்சுமியிடம் அனுமதி கேட்கத்தான். எழுதினால் உங்களுக்குத் தொந்தரவு வருமே என்றேன். எழுந்திருக்கப் போனவரை, கெஞ்சாத குறையாக உட்கார வைத்துவிட்டுக் கேட்டேன்.

"எழுதுங்க சார். இதுக்கு மேல என்னைய எங்க கொண்டுபோயி நிப்பாட்டிருவாங்க, நடுரோட்டுலயா?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "லேமினேட் பண்ணுற மாதிரி மட்டும் எழுதிறாதீங்க."

முயற்சி செய்திருக்கிறேன்.

முத்துலட்சுமி, அன்றைக்கு நாற்பது பேர் முன்னால் நீங்கள் கேட்ட கேள்விக்குக் கைதட்டல் வாங்குகிற பதிலைச் சொன்னேன். சரியான பதில் இப்போதுதான் தெரிகிறது. உங்கள் கால் வலி உங்கள் கையில் இல்லை. ஒரு டபரா காபி ஆறுகிற நேரம், அது என் கையில் இருந்தது.